தமிழெழுத்தும் நிரலாக்க மொழித் தேர்வும்: 'சாவகச்சேரி' என்னும் சொல்லை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரே மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய மூவகைப் பணிசெயல் முறைமைகளிலும் இயங்கவேண்டுமாயின் அதனை எம்மொழியில் எழுதுவது? இவ்வினா பெரும்பாலும் விரைவு, எளிமை, செலவு என்பவற்றைக் கொண்டே ஆராயப்படுகின்றது. தமிழில் இயங்கவேண்டிய மென்பொருளுக்கு இவற்றினும் முற்பட்ட அளவுகோல் ஒன்றுண்டு. அம்மொழி தமிழெழுத்தை எழுத்தாகவே கொள்கின்றதா என்பதே அது. இதனை விளக்குவதே எமது நோக்கமாகும்.

சாவகச்சேரியில் நூல்நிலையமொன்றின் நூற்பட்டியலைக் கணினியில் அமைக்க முற்படுவதாகக் கொள்வோம். பழைய கணினியில் லினக்சும் புதியதில் விண்டோசும் இருத்தல் கூடும். ஊர்ப்பெயரையே முதலில் உள்ளிடுவோம். சா, வ, க, ச், சே, ரி என அது 6 எழுத்து என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். 1991 இல் தமிழுக்கு இடமளித்த யுனிக்கோட்டு முறையிலோ உயிர்மெய் தனிக்குறியீடு பெறவில்லை. அகரமேறிய மெய் ஒரு குறியீடு. அதனைத் தொடரும் உயிர்க்குறியோ புள்ளியோ மற்றொன்று. எனவே அப்பெயர் 10 குறியீடுகளாகின்றது. யுடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுப் பெறுதலின் 30 பைட்டாகின்றது.

இச்சொல்லின் நீளம் யாதென வினவினால் சீ, கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் 30 என்னும். ஜாவா, சீ ஷார்ப், பைதன் என்பன 10 என்னும். சுவிஃப்ட் 6 என்னும். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இடங்கருதி முதல் ஐந்தெழுத்தை மட்டும் அச்சிடுமாறு பைதனைப் பணித்தால் 'சாவகச்சே' எனவேண்டியது 'சாவகச' எனப் புள்ளியும் இழந்து நிற்கும்.

அகரவரிசையிலும் இதே இடர் உண்டு. யுனிக்கோட்டு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியீட்டெண் வழியே வரிசைப்படுத்தினால் 'அன்னை' 'அம்மா'வுக்கு முன்னும், 'கறி' 'கல்'லுக்கு முன்னும் வந்துவிடும். நெடுங்கணக்கு அறிந்த வாசகர் தேடும் நூல் அதற்குரிய இடத்தில் இராது.

அங்ஙனமாயின் சுவிஃப்டையே தெரிந்தெடுக்கலாமே எனின், அம்மொழி லினக்சிலும் விண்டோசிலும் கிடைப்பினும், அதற்கென ஆப்பிள் நிறுவனம் ஆக்கிய இடைமுகக் கருவிகள் அந்நிறுவனச் சாதனங்களுக்கே உரியன. ஆகவே மொழியோடு, எழுத்தைத் திரையில் வரையும் கருவித்தொகுதியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். 'கொ' என்பதில் ககரத்தின் இருமருங்கும் குறிகள் அமைதல்வேண்டும். இவ்வமைப்பைச் செய்யும் ஹார்ஃபஸ் என்னும் கட்டற்ற நிரற்றொகுதியை கியூட், ஜிடிகே ஆகியன பயன்படுத்துகின்றன. ஜாவாவும் 2017 இல் வெளியான 9ஆம் பதிப்பிலிருந்து அதனை ஏற்றது. பைதனுடன் வரும் டிகே கருவியோ லினக்சில் நெடுங்காலம் இத்திறன் அற்றிருந்தது. மொழி ஒன்றேயாயினும் கருவி மாறத் தமிழ் சிதையும் என்பதற்கு இது சான்றாகும்.

எலெக்ட்ரான் வழியே ஜாவாஸ்கிரிப்டைக் கொள்வோரும் உளர். அதில் தமிழ் செவ்வனே தோன்றும். எழுத்துப் பிரிப்புக்கும் அகரவரிசைக்கும் வசதிகளும் உள. ஆயினும் ஒவ்வொரு மென்பொருளும் ஓர் உலாவி முழுவதையும் உடன்சுமந்து வருதலின் நினைவகம் குறைந்த பழைய கணினி தள்ளாடும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், எமது எடுத்துக்காட்டிற்குப் பைதனும் கியூட்டும் இணைந்த வழியே பொருத்தமானது எனலாம். பைதனின் எண்ணற் குறையை ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரற்றொகுதி நீக்குகின்றது. சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரிக்கவும் தமிழ் வரிசைப்படி அடுக்கவும் அது உதவும். மேலும், இலங்கையின் உயர்தர வகுப்புத் தகவல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பைதன் இடம்பெற்றுள்ளது. எனவே, ஆக்கியோர் அகன்ற பின்னரும் அவ்வூர் மாணவரே அம்மென்பொருளைத் திருத்திப் பேணமுடியும். விரைவே தலையாய தேவையாயின் சீ++ மொழியும் கியூட்டும் கொள்ளத்தக்கன.

எழுத்தைச் சிதைக்கும் மென்பொருளைக் காண்போர் குறை நிரலில் உள்ளதெனக் கருதுவதில்லை. தமிழ் கணினிக்கு ஒவ்வாதெனக் கருதி ஆங்கிலத்திற்குத் திரும்புகின்றனர். ஆதலின் மொழித்தேர்வு நிரலாளரின் தனிவிருப்பம் மட்டுமன்று. எம்மொழியைத் தெரியினும், முதற்சோதனையாக ஊர்ப்பெயரை உள்ளிட்டு, 6 என்னும் விடை வருகின்றதா என நோக்குதல் நன்று.