காதில் சீழ் வடிதல்: குழந்தைகளும் பெரியவர்களும்

அண்மையில் சிற்றூர்ப் பள்ளி ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது, கடைசி வரிசையில் இருந்த சிறுவனை ‘மந்த புத்தியுள்ளவன்’ என்று காட்டினார்கள். அருகில் சென்று பார்த்தேன். அவனுடைய இரு காதுகளிலும் சீழ் வடிந்துகொண்டிருந்தது. குறை அறிவில் அன்று, செவியில் இருந்தது.

‘வளர்ந்தால் தானே நின்றுவிடும்’ என்னும் எண்ணம் நம் கிராமங்களில் பரவியுள்ளது. அது தவறு. செவிப்பறையில் துளை விழுந்து, இரண்டு வாரங்களுக்கு மேலும் சீழ் வடியுமாயின், அது நாட்பட்ட நடுச்செவி நோயாகும்.

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் ஒரு குழல் இணைக்கின்றது. வளர்ந்தோர்க்கு அது சுமார் 36 மில்லிமீட்டர் நீளமும் 45 பாகை சாய்வும் உடையது. கைக்குழந்தைக்கோ நீளம் அதில் பாதியே. சாய்வும் சுமார் 10 பாகைதான். வாட்டமில்லாத வாய்க்காலில் நீர் தேங்குவதை உழவர் அறிவர். அவ்வாறே சளி பிடித்த குழந்தையின் நடுச்செவியில் நீர் தேங்கிக் கிருமிகள் பெருகுகின்றன.

பெரியவர்களிடம் காணும் இந்நோய் பெரும்பாலும் இளமையில் கவனியாது விட்ட துளையின் எச்சமே. அவர்களுக்குச் செவித்திறன் குறையினும், பேச்சும் கல்வியும் முன்னரே அமைந்துவிட்டன. குழந்தைக்கோ, கேட்டுப் பழக வேண்டிய பருவத்திலேயே செவி மந்தமாவதால் பேச்சும் படிப்பும் ஒருங்கே தளர்கின்றன.

துர்நாற்றமுள்ள சீழ் சிறிதே வடிந்தாலும் அஞ்சத்தக்கது. அது எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம். குழந்தைகளிடம் அவ்வகை விரைந்து பரவும். தலைசுற்றல், கடுந்தலைவலி, முகக் கோணல் ஆகியவை தோன்றினால் எவ்வயதினராயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சிய எண்ணெய், இலைச்சாறு முதலியவற்றைக் காதில் ஊற்றலாகாது. கோழியிறகு, குச்சி ஆகியவற்றை நுழைக்கலாகாது. தூய பஞ்சுத் திரியால் சீழை ஒற்றியெடுத்து, மருத்துவர் தரும் சொட்டு மருந்தை இட வேண்டும். குளிக்கையில் காதில் நீர் புகாது காக்க வேண்டும்; கிணற்றிலும் குளத்திலும் நீந்துதல் கூடாது. மூடாத துளையை அறுவை சிகிச்சையால் மூடலாம்.

2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து செவிகளையும் சோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளை ஊராட்சி உறுப்பினர்கள் முன்னரே கேட்டறிந்து, சீழ் வடியும் பிள்ளை ஒருவரேனும் விடுபடாது அன்று வரச் செய்தல் வேண்டும். கேளாத பிள்ளையை மந்தன் என்று ஒதுக்கும் ஊர், தன் வருங்காலக் குடிமகன் ஒருவனை இழக்கின்றது.