மூட்டு நலிந்த நாய்க்குட்டிகளுக்கான பயிற்சி

மூட்டு நலிந்த நாய்க்குட்டிகளுக்கான பயிற்சி என்பது, வளரும் பருவத்தில் மூட்டுகள் உறுதி பெறாத நாய்களுக்குத் தீங்கின்றி அளிக்கப்படும் நடையும் விளையாட்டும் ஆகும். இத்தகைய குட்டியைக் கட்டியே வைத்திருப்பதும் களைக்கும் வரை ஓடவிடுவதும் ஒருங்கே தவறானவை. மூட்டைத் தாங்கி நிற்பது தசை. அசைவின்றித் தசை வளராது.

காரணம்

இடுப்பு மூட்டுக் குறைவளர்ச்சியில், தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து அசைகிறது. இது பரம்பரையாக வருவது. எனினும் உணவு, எடை, தரை ஆகியவை அதன் கடுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் போன்ற பேரின நாய்களில் இது மிகுதி. சங்கரன்கோவிலை உள்ளடக்கிய தென்மாவட்டக் கரிசல் பகுதியில் நெடுங்காலமாக வளர்க்கப்படும் கன்னி, சிப்பிப்பாறை போன்ற மெலிந்த வேட்டை நாய்களின் உடலமைப்புக் கொண்ட இனங்களில் இந்நோய் பொதுவாக அரிது. வெறும் சோற்றிலோ எலும்பில்லா இறைச்சியிலோ வளரும் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு வளைவதுண்டு. அது வேறு நோய். அதற்கு அஞ்சிப் பேரினக் குட்டிகளுக்குக் கால்சியம் மருந்தை அளவின்றிக் கொடுப்பதும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

முயலைப் போல் இரு பின்னங்கால்களையும் சேர்த்துத் தாவி ஓடுதல், எழுந்திருக்கத் தயங்குதல், நடக்கையில் இடுப்பு ஆடுதல் ஆகியன அறிகுறிகள். எக்ஸ்ரே படமே நோயை உறுதிசெய்யும்.

தரையும் படியும்

நார்வே நாட்டில் நான்கு பேரினங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 500 நாய்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2012 இல் வெளியிடப்பட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. மூன்று மாதத்திற்குள் மாடிப்படிகளில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்நோய்க்கான வாய்ப்பு கூடுதலாகவும், மெத்தென்ற, சற்றே மேடுபள்ளமான நிலத்தில் கயிறின்றித் திரிந்த குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்தது. குட்டிகள் பெரும்பாலும் இரண்டு மாத வயதில் வாங்கப்படுகின்றன. ஆகவே, வீட்டிற்கு வந்த முதல் மாதமே முக்கியமானது. அந்த மாதத்தில்தான் குட்டி வழுக்கும் டைல்ஸ் தரையில் கால் பரப்பி விழுந்து எழுகிறது. பழைய சாக்கு அல்லது கோரைப்பாய் விரித்தாலே பாதித் தொல்லை தீரும்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதற்கேற்ற நிலத்திற்குப் பஞ்சமில்லை. உழுது ஆறிய செம்மண் காடும், நீர் வற்றிய குளத்தின் மணற்பாங்கான ஓரமும் தகுந்தவை. வெடிப்பு விழுந்த கோடைக் கரிசலில் கால் சிக்கக்கூடும், தவிர்க்கவேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலும், தரை சூடு தணிந்தபின் மாலையிலும் அழைத்துச் செல்லலாம்.

நடையும் விளையாட்டும்

ஒரே நீண்ட நடையைவிட நாளொன்றுக்கு மூன்று நான்கு சிறு நடைகள் நல்லவை. மாத வயது ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்னும் கணக்குப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. குட்டி தானே நின்று மோப்பம் பிடிக்கவும் உட்காரவும் உரிமை பெற்றிருப்பதே சிறந்த அளவுகோல். மறுநாள் காலை நொண்டினாலோ விறைத்து நின்றாலோ முந்தைய நாள் மிகுந்துவிட்டது என்று பொருள்.

தீனியைப் புல்லில் ஒளித்துத் தேடவிடுதல், தரையில் கிடத்திய கழிகளை மெல்லக் கடக்கவிடுதல், ஆழமற்ற நீரில் நடக்கவிடுதல் ஆகியவை ஏற்றவை. பந்தெறிதல் ஆகாது, ஓடிய வேகத்தில் சட்டெனத் திரும்புவது மூட்டைத் திருகும். திண்ணையிலிருந்து குதிக்கவிடுதல், பெரிய நாய்களோடு முரட்டு விளையாட்டு ஆகியவற்றையும் விலக்கவேண்டும். மோட்டார் சைக்கிளோடு கட்டி ஓடவிடும் வழக்கம் வளர்ந்த நாய்க்கே கேடு. எலும்பு முற்றாத குட்டிக்குச் சொல்லவேண்டியதில்லை. பேரினங்களில் எலும்பு நுனிகளின் வளர்தட்டுகள் மூட ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம்.

எடை

கொழுத்த குட்டிக்கு எப்பயிற்சியும் முழுப்பயன் தராது. 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002 இல் முழுமையாக வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்ட நாய்களுக்கு மூட்டு நோய் குறைந்ததோடு, அவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. தடவும்போது விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். நொண்டல் தொடர்ந்தால், திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் காட்டலாம். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. அவற்றுட் சில நாய்க்கு நஞ்சாகும்.