ஆங்கிலம் பேசும் மெக்ஸிகன்

குடியேறியவர்களின் பிள்ளைகள் நாளாக ஆக 'அமெரிக்கர்' ஆகிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போர்ட்டெஸ், ரும்பாட் ஆய்வு வேறு கதை சொல்கிறது. 1992-ல் மயாமி, சான் டியேகோ பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் 'நீ யார்?' என்று கேட்டார்கள். மூணு வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டபோது 'அமெரிக்கன்' குறைந்து, பெற்றோர் நாட்டைச் சொன்னவர்கள் கூடிப்போனார்கள். மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ் பிள்ளைகளிடம் இது ரொம்பவே. இத்தனைக்கும் ஆங்கிலம்தான் பிடிக்கும் என்றவர்கள் முன்னைவிட அதிகம்!

நடுவில் என்ன நடந்தது? 1994 நவம்பரில் கலிபோர்னியாவில் 187-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் ஜெயித்தது. ஆவணமில்லாத குடியேறிகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது என்றது அது. (நீதிமன்றம் பிறகு தடுத்துவிட்டது.) பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ரும்பாட் இதை எதிர்வினையாக எழும் இன உணர்வு என்கிறார். எனக்கென்னவோ 'ரோஷம்' என்ற நம்ம சொல்லே பொருத்தமாகப் படுகிறது.