கிளினிக்குக்குப் போகும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

“கர்ப்பம் உறுதியானதும் கிளினிக்கில் மாத்திரை கொடுப்பார்கள். அப்போது சாப்பிட்டால் போதும்.” சிரம்பான் லோபாக் வட்டாரத்தில் புதுமணப் பெண்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை இது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், ஃபோலிக் அமிலத்தைப் பொறுத்தவரை அது காலம் கடந்த தொடக்கம்.

குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, கிளினிக்கில் பதிவதற்குள் அந்த நாள்கள் பெரும்பாலும் கடந்துவிடும். குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற பிறவிக் குறைபாடுகள் ஏற்படலாம்.

முன்பு இக்குறைபாட்டால் பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த பெண்களிடம், ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அது மீண்டும் நிகழும் அபாயம் 72 விழுக்காடு குறைகிறது என 1991இல் அது காட்டியது. குழந்தைக்குத் திட்டமிடும் நாள் முதல் கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இச்சத்தின் வரலாறு நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்களோடு தொடர்புடையது. 1928இல் பம்பாய் சென்ற ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அங்கு ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய இரத்தச் சோகையை ஆராய்ந்தார். நம் கடைகளிலும் கிடைக்கும் மார்மைட் அவர்களைக் குணப்படுத்தியது. அதிலிருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது.

இரும்புச் சத்தையும் மறக்கலாகாது. மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு கூறுகிறது. சாப்பிட்டதும் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். மாறாக, கீரை, பருப்போடு கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடும்.

“கருப்பை பலம்” என்று விற்கப்படும் எல்லாப் புட்டிகளையும் நம்பிவிடக்கூடாது. ‘எம்.ஏ.எல்.’ பதிவு எண் உள்ளதா எனப் பாருங்கள். வைட்டமின் ‘ஏ’ அளவுக்கு மிஞ்சினால் கருவுக்கே கேடு.

திருமணத்திற்கு மண்டபம் பார்க்கும் நாளிலேயே, மணப்பெண் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் இரத்தத்தைச் சோதித்து, ஃபோலிக் அமிலம் பற்றியும் கேட்டுவரலாம். அக்காவுக்கோ தோழிக்கோ இன்றே சொல்லுங்கள்.