வேலை முடிந்ததும் கலையும் காவல்

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஆய்வகத்தில் பாதிப் புட்டிகளில் 'டி.இ.பி.சி. தண்ணீர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அது டைகார்பனேட்டாம். ஆப்பசோடா மாதிரியா?"

தூரத்துச் சொந்தம்தான், குணம் நேரெதிர். ஆப்பசோடா டப்பாவில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இது தண்ணீர் பட்டாலே உடையத் தொடங்கிவிடும். கார்பானிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் ஒரு தண்ணீர் மூலக்கூறை விட்டுக்கொடுத்து, நடுவில் ஒரே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு நுனிகளிலும் எத்தில் தொகுதி ஏறினால் அதுதான் டைஎத்தில் டைகார்பனேட், சுருக்கமாக டி.இ.பி.சி.

ஆர்.என்.ஏ.வைக் கையாள்பவர்களுக்கு ஆர்.என்.ஏஸ் என்ற நொதி தீராத தலைவலி. நம் விரல் நுனியிலேயே இருக்கும். ஆட்டோகிளேவில் வேகவைத்தாலும் ஆறியபின் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும் முரட்டு நொதி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிலிட்டர் டி.இ.பி.சி. விட்டு இரவு முழுக்க வைத்தால், அது நொதியின் ஹிஸ்டிடினில் போய் ஒட்டி முடக்கிவிடும். காலையில் அந்தத் தண்ணீரை ஆட்டோகிளேவில் வைத்தால் மிச்ச மருந்து எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துபோகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கலைந்துபோகும் குணம்தான். என் தாய்மாமா பந்தல் போடுபவர். கல்யாணம் முடிந்த மறுநாள் விடிவதற்குள் கீற்றும் கம்பும் வண்டியேறிவிடும். ஆனால் கம்பு நட்ட குழிகள் தெருவில் இருக்கும்.

இங்கும் குழி உண்டு. டி.இ.பி.சி.க்கு அமீன் என்றால் ஆசை அதிகம். டிரிஸ் கலந்த கரைசலில் விட்டால் டிரிஸோடு சேர்ந்தே செலவாகிவிடும், நொதி தப்பித்துவிடும். முழுவதும் கலையாமல் மிஞ்சினால் காப்பாற்ற வேண்டிய ஆர்.என்.ஏ.வையே கெடுக்கும். இதெல்லாம் தெரியாமல், மூத்த மாணவர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றிலும் ஒரு சொட்டு விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புகைபோக்கிக் கூண்டுக்கு வெளியே, திறந்த மேசையில், மூக்குக்கு நேராக!

பெரிய குழி ஒயினில் தெரிந்தது. ஆய்வகத்துக்கு வருமுன் இது பானங்களில் ஈஸ்டைக் கொல்லும் பதப்படுத்தியாக இருந்தது. பானத்தில் இயல்பாக உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் யூரித்தேன் உண்டாகும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1971இல் எழுதினார்கள். யூரித்தேன் விலங்குகளில் புற்றுநோய் வரவழைப்பது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தடை விதித்தது.

பிறகு அந்த இடத்துக்கு வந்தது தம்பி, டைமெத்தில் டைகார்பனேட். எத்திலுக்குப் பதில் மெத்தில் என்பதால் யூரித்தேன் தொல்லை இல்லை. அமெரிக்கா 1988இல் இதை ஒயினில் அனுமதித்தது; லிட்டருக்கு 200 மில்லிகிராம் உச்சவரம்பு. சில மணி நேரத்தில் அத்தனையும் உடைந்தால் சுமார் 96 மில்லிகிராம் மெத்தனால் வரும். பெயரைக் கேட்டுப் பதறுபவர்களுக்கு: சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலின் பெக்டினே இந்த அளவு மெத்தனாலைத் தந்துவிடுகிறது. ஆபத்து குடிப்பவருக்கு அல்ல, ஆலையில் கலப்பவருக்கு. நீர்க்காத மருந்தின் ஆவியை முகர்ந்தால் நுரையீரல் கெடும். 17 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குழாய்களை வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டிய வேலை வேறு.

ஒயின் புட்டியைத் திறக்கும்போது மருந்து மிச்சம் இருக்காதுதான். அதற்காக லேபிளில் பெயரே போடாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கலந்தோம், கலைந்துவிட்டது என்று ஒரு வரி அச்சிட என்ன செலவு? மறைத்த பெயர் பின்னால் தெரியவரும்போதுதான் வீண் பயம் கிளம்புகிறது.

நுனியில் எத்திலோ மெத்திலோ இல்லாத வெறும் உப்பு இந்தக் குடும்பத்தில் நெடுநாள் யார் கைக்கும் சிக்கவில்லை. 2022இல்தான் பிராங்க்ஃபர்ட் கோத்தே பல்கலைக்கழகக் குழு ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து, சுமார் மூன்று லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி, லேசரால் சூடாக்கி, ஸ்ட்ரான்ஷியம் டைகார்பனேட்டை உருவாக்கியது. எக்ஸ் கதிரில் பார்த்தபோது இரண்டு கார்பன்களுக்கு நடுவே அந்த ஒற்றை ஆக்சிஜன் இருந்தது.