உங்களுக்குத் தெரியுமா? தசைக்குள்ளும் எலும்பு முளைக்கும்!

வயல் வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கையில் அடிபட்டால், எண்ணெய் போட்டு உருவிவிடத்தான் முதலில் தோன்றும். ஆபத்தே அதில்தான். நசுங்கிய தசையை அழுத்தித் தேய்த்தால், அதற்குள் புது எலும்பு வளரலாம்.

● இது எக்ஸ்ரேயில் தெரிய சுமார் 3 வாரங்கள் ஆகும்.

● அந்த எலும்பு முழங்கையின் உள்பக்க நரம்பை நெருக்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடவே விரல் தடுமாறும்.

● முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு காயமடைந்த வீரர்களிடமும் இத்தகைய எலும்பு வளர்ச்சியை, 1918-இல் பிரான்ஸ் மருத்துவர் டெஜெரின்-க்ளும்ப்கே பதிவு செய்தார்.

அடிபட்டதும் ஐஸ் ஒத்தடம், ஓய்வு, எக்ஸ்ரே. உருவல் வேண்டவே வேண்டாம். விரல் மரத்துப்போனால் உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.