துருப்பிடிக்காத கம்பியும் தீயின் சோதனையும்

நம் சங்க அன்பர் ஒருவர் வீடு கட்டுகிறார். கடைக்கு வந்தவர், "ஐயா, இரும்புக்குப் பதிலா ஃபைபர் கம்பின்னு ஒண்ணு வந்திருக்கே, துருவே பிடிக்காதாமே, மாடித் தளத்துக்கு அதையே போட்டுடலாமா?" என்று கேட்டார். கடற்காற்றில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து விழும் இந்த மும்பையில் நியாயமான கேள்விதான். ஆனால் நான் இரும்பு விற்பவன். வேண்டாம் என்றால் சுயலாபம் என்று தோன்றும். ஆகவே படித்தறிந்ததை நிறையும் குறையுமாக இங்கே வைக்கிறேன்.

இந்தக் கம்பி கண்ணாடி இழைகளை நீளவாக்கில் அடுக்கி, வினைல் எஸ்டர் போன்ற பிசினில் தோய்த்து இறுக வைத்தது. எடை இரும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இழுவிசையைத் தாங்குவதில் சாதாரணக் கம்பியை மிஞ்சும். உப்பு நீரால் துரு வராது, காந்தம் ஒட்டாது. குறைகளும் உண்டு. இரும்பைவிட அதிகம் நீளும். அதனால் தளம் கூடுதலாகத் தொய்யும். வேலையிடத்தில் வளைக்கவும் முடியாது.

இனி தீக்கு வருவோம். கடலை உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் கடலைக்கு ஒன்றும் ஆகாது. வெல்லப்பாகு இளகி உருண்டை உதிர்ந்துவிடும். இங்கே கடலை என்பது கண்ணாடி இழை, பாகு என்பது பிசின். இழை பல நூறு டிகிரி தாங்கும். பிசினோ பெரும்பாலும் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே இளகத் தொடங்கும். காங்கிரீட்டைக் கவ்விப் பிடிப்பது கம்பியின் மேற்பரப்பிலுள்ள பிசின்தானே? அதனால் கம்பி அறுவதற்கு முன்பே பிடி தளர்கிறது. 200 டிகிரி வாக்கில் பிடிப்பில் பெரும்பகுதி போய்விடும். இரும்புக்கோ 400 டிகிரி வரை பெரிய நட்டமில்லை. 600 டிகிரி வாக்கில்தான் பாதிக்கு மேல் பலம் குறையும்.

தீச்சோதனை உலையில் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 945 டிகிரியை எட்டும். காங்கிரீட் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால்தான் உள்ளே கம்பி பிழைக்கிறது. நம் ஐ.எஸ். 456:2000 விதிப்படி, இருபுறமும் சுவர் தாங்கும் சாதாரணத் தளம் ஒரு மணி நேரத் தீயைத் தாங்கக் கம்பிக்கு வெளியே 20 மி.மீ. காங்கிரீட் மூடாக்கு போதும். இரண்டு மணி நேரத்துக்கு 35 மி.மீ. இது இரும்புக்கான கணக்கு. 20 மி.மீ. ஆழத்தில் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 300 டிகிரியைத் தாண்டும். இரும்பு நிற்கும், பிசின் நிற்காது.

அப்படியானால் ஃபைபர் கம்பி உதவாதா? அப்படியில்லை. கம்பியின் இரு முனைகளும் தீ எட்டாத இடத்தில் போதிய நீளம் புதைந்திருந்தால், நடுவில் பிடி தளர்ந்தாலும் இழைகள் கொடிக்கயிறு போல இழுத்துத் தாங்கும். இது சோதனைகளில் கண்டது. ஆனால் அந்த நீளத்தைப் பொறியாளர் கணக்கிட வேண்டும். மேஸ்திரி கண்ணளவில் சொல்லக்கூடாது. அமெரிக்காவில் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதியின் 2024 பதிப்பு, தீ தாங்கும் நேரம் விதிக்கப்படாத இடங்களில் மட்டுமே இந்தக் கம்பியை அனுமதிக்கிறது. கடலோரச் சுவர், மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரம், பாலத்தின் மேல்தளம் போன்ற இடங்களில் உப்பும் ஈரமுமே பெரிய பகை. அங்கே இது நல்ல சரக்கு.

வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஐ.எஸ். 18256:2023 தரச்சான்று உண்டா? பிசின் எத்தனை டிகிரியில் இளகும்? எத்தனை மணி நேரத் தீயைக் கணக்கில் வைத்து, மூடாக்கையும் முனை நீளத்தையும் பொறியாளர் எழுத்தில் கொடுத்திருக்கிறார்?

அன்பரிடம், "அஸ்திவாரத்துக்கு வேணும்னா பொறியாளரைக் கேட்டுப் போடுங்க. அடுப்பு எரியற அறைக்கு மேல இருக்கிற தளத்துக்கு இரும்பே இருக்கட்டும், மூடாக்கைக் குறைக்காதீங்க" என்றேன். துரு பல வருடம் எச்சரித்துவிட்டு வரும். தீ அப்படி வராது. சரக்கின் நல்லதை மட்டும் சொல்லி விற்பது பாதிப் பொய். வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட எங்கள் மரபில் அதற்கு இடமில்லை.